மூன்றாம் வளைவில் விரியாத குடைகள்

ரயில்வேயில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சிக்னல் ஆய்வாளராக இருந்து, ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வரவிருந்த வண்டிகளையெல்லாம் மோதாமல் காத்தவரும், இன்று இரண்டு ரசிகர் மன்றங்களை மோதாமல் காக்க வந்து இந்தச் சேலையூர் மண்டபத்தில் தலைமை நாற்காலியில் தைரியமாக அமர்ந்திருப்பவருமான பெருமதிப்பிற்குரிய ஐயா வேதாசலம் அவர்களே! மேடையின் அந்தக் கோடியில் அமர்ந்து, என்னைத் தவிர மற்ற எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கும், தாம்பரம் மேற்கு மன்றத்தின் செயலாளர், என் நெடுநாள் நண்பர் தனசிங் அவர்களே! மாவு அரைக்கும் வேலையை இன்று ஒருநாள் ஒதுக்கிவைத்துவிட்டு மாடம்பாக்கத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும், நம் பந்தய வீராங்கனை ஜீவிதாவைப் பெற்றெடுத்த தாய் செல்வமேரி அம்மா அவர்களே! கட்டிய கணவன்மார்களைப் பந்தயத் திடலுக்கு நேர்ந்துவிட்ட தாய்மார்களே! கிழக்கே! மேற்கே! இரண்டுக்கும் நடுவில் நின்று வேடிக்கை பார்க்கும் பொதுமக்களே! உங்கள் அனைவருக்கும் ஆஸ்டினின் பணிவான வணக்கம்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அடியேன் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். தாம்பரம் கிழக்கு மன்றத்தின் செயலாளன். வாட்ஸ்அப்பில் பெரிய வாயாடி. என்ன சிரிப்பு அங்கே? என்னிடம் திட்டு வாங்காதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ஒரு கைகூட இல்லை. சரி, மேலே போவோம்.

தாய்மார்களே! எதற்காக இந்த ஆண்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். சொல்கிறேன். ஒருவர் மட்டுமே படுத்தாற்போல் உட்கார்ந்து ஓட்டும் கார். கதவு கிடையாது, கூரை கிடையாது, சக்கரத்துக்கு மூடி கிடையாது. நான்கு சக்கரமும் வெளியே நிற்கும் திறந்த சக்கரக் கார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் திடலில் இந்தக் கார்களுக்கு ஒரே ஒரு கோப்பைதான் இருந்தது. அதற்கு நம் தாம்பரத்திலிருந்து நான்கு பஸ் போகும். நான்கு பஸ்! தண்டவாளத்துக்குக் கிழக்கே இருப்பவனும் மேற்கே இருப்பவனும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்து எலுமிச்சைச் சாதத்தைப் பங்கு போட்டுக்கொண்டு போனோம்.

பிறகு வந்தது பிரிவு. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் கொடு, ஓட்டுகிறவரின் திறமை தெரியட்டும் என்றது ஒரு தரப்பு. அது தென்னகக் கோப்பை ஆனது. அவரவர் காரை அவரவரே கட்டட்டும், மூளையும் பந்தயத்தில் ஓடட்டும் என்றது மறு தரப்பு. அது சோழமண்டலக் கோப்பை ஆனது. பிரிந்தவர்கள் அமைப்பாளர்கள். ஆனால் சண்டை யாருக்கு? நமக்கு! கார் வைத்திருந்தவன் பிரிந்தான், காரே இல்லாத நாம் கட்டிப் புரண்டோம். கிழக்கு தென்னகம் என்றது, மேற்கு சோழமண்டலம் என்றது. நடுவில் ஓடும் ரயில் மட்டும் இரண்டு பக்கமும் ஆளை இறக்கிவிட்டது.

எப்படியெல்லாம் சண்டை போட்டோம்! உங்கள் கார் அத்தனையும் ஒரே அச்சில் வார்த்த இட்லி என்று எழுதினார் தனசிங். உங்கள் காரில் பாதி, பாதி வழியிலேயே நின்றுபோகிற கார் என்று எழுதினேன் நான். என்ன தம்பி, இட்லி என்று சொன்னது சரிதான் என்கிறாயா? உட்கார் அப்பா, உட்கார். உன் கட்சியின் பெருமையைச் சொல்லத்தான் இன்னும் நேரம் இருக்கிறதே.

மாதா கோவிலில்கூட நாங்கள் விடவில்லை. தனசிங்கும் நானும் ஒரே பங்குக் கோவில், ஒரே பாடகர் குழு, பக்கத்துப் பக்கத்து இருக்கை. பூசையில் சாமியார் 'ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்' என்பார். எல்லோரும் இடம் வலம் திரும்பிக் கும்பிடுவார்கள். தனசிங் என் இடப்பக்கம் இருக்கிறார். வலப்பக்கம் தூண் இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக நான் அந்தத் தூணுக்குச் சமாதானம் சொல்லிவருகிறேன். பாடுவதெல்லாம் அன்பின் பாட்டு, கும்பிடுவது கல் தூணை! வெட்கமாக இல்லையா என்று கேட்பீர்கள். இன்றைக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, சண்டை போட்டோமே, வளர்ந்தோமா? இரண்டு வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்து அறுநூறு பேர். காலையில் எழுந்தால் சண்டை, காபி குடித்தால் சண்டை, தூங்கப் போகும் முன் ஒரு குட்டிச் சண்டை. ஆனால் திடலுக்கு? நான்கு பஸ் இரண்டு பஸ் ஆனது. இரண்டு பஸ் இரண்டு வேன் ஆனது. அந்த வேனிலும் பின்சீட்டில் கால் நீட்டிப் படுக்கலாம். புதிதாக ஒரு பிள்ளை ஆசையோடு குழுவில் சேர்ந்து 'ஹாய்' என்று போட்டால், 'நீ கிழக்கா மேற்கா' என்று கேட்டோம். அவன் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டான். யாரைக் குறை சொல்வது? அவனையா? அவனை அனுப்பிவைத்த நம்மையா?

இத்தனைக்கும் நடுவில், அன்பர்களே, நாம் விடாமல் காத்த வழக்கம் ஒன்று உண்டு. குடை! முதல் ஆண்டு வெயில் தாங்காமல் நாம் மூன்றாம் வளைவில் கறுப்புக் குடையோடு நின்றோம். நம் ஜீவிதா, அப்போது பத்தொன்பது வயதுப் பெண், முதன்முதலாக அந்த வளைவைத் திரும்பி வந்தாள். என்ன தோன்றியதோ, எல்லோரும் குடையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினோம். பந்தயம் முடிந்து அவள் சொன்னாள்: "அங்கிள், அந்த வேகத்துல மூஞ்சி எதுவும் தெரியாது. ஹெல்மெட்டுக்குள்ள எந்தச் சத்தமும் கேக்காது. ஆனா குடை தெரியுது. குடையப் பாத்ததும் நம்ம ஆளுங்க வந்துட்டாங்கன்னு ஒரு தெம்பு." அன்றிலிருந்து அவள் எந்தக் கோப்பையில் ஓட்டினாலும் மூன்றாம் வளைவில் குடை விரியும். தென்னகத்தில் ஓட்டினால் கிழக்குக் குடை. சோழமண்டலத்தில் ஓட்டினால் மேற்குக் குடை. அவளுக்குக் கட்சி கிடையாது. எங்கே சீட்டு கிடைக்கிறதோ அங்கே ஓட்டுவாள். ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

போன மாதம் என்ன நடந்தது? இரண்டு கோப்பைகளிலும் கார் குறைந்து குறைந்து, தனித்தனியே நடத்த வழியில்லாமல், முதல்முறையாக இரண்டும் சேர்ந்து ஒரே பந்தயம் வைத்தார்கள். கிழக்கிலிருந்து எங்கள் வேன் புறப்பட்டது. மேற்கிலிருந்து அவர்கள் வேன் புறப்பட்டது. குன்றத்தூர் போனதும் டீ குடிக்க இறங்கலாம் என்று பார்த்தால், டீக்கடை வாசலில் மேற்கு மன்றத்துப் பேனர் கட்டிய வேன் நிற்கிறது! எங்கள் வேனுக்குள் ஒரே கொதிப்பு. "அவங்களோட ஒரே ஸ்டாண்டுல போய் நாம உக்காரணுமா?" என்றார் எங்கள் மன்றத்து ஸ்ரீவத்சன். "அதான் அவங்க போறாங்கல்ல, ஜீவிதாவுக்கு அவங்களே குடை புடிச்சுக்கட்டும்" என்றார் இன்னொருவர். டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். அன்பர்களே, 'திருப்புப்பா வண்டிய' என்று சொன்னது யார் தெரியுமா? இதோ, மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒற்றுமை பேசும் இந்த ஆஸ்டின்தான்.

வந்ததுக்கு முருகனையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் ஸ்ரீவத்சன். ஏறினோம் குன்றத்தூர் மலை. நான் சன்னிதிக்கு வெளியே மேல்படியோடு நின்றுகொண்டேன். நின்றவனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாம்பழத்துக்காக உலகைச் சுற்றும் பந்தயத்தில் ஓடி, தோற்று, கோபித்துக்கொண்டு மலையேறியவர் அவர். பந்தயத்துக்குப் போகாமலேயே கோபித்துக்கொண்டு மலையேறியவர்கள் நாங்கள்! அவராவது மயில் மேல் ஏறி ஒரு சுற்று சுற்றினார்.

மறுநாள் காலை என் பள்ளி வாசலில் வந்து நின்றார் மாரி. அதோ, இடம் காலியாக இருந்தும் உட்காராமல் கதவோரம் நிற்கிறாரே, அவர்தான். வாரம் முழுக்க ஆட்டோ ஓட்டுவார். பந்தய நாளில் மூன்றாம் வளைவில் ஓட்டுகிறவர்களை எச்சரிக்க மஞ்சள் கொடி பிடித்து நிற்கும் தொண்டர். எனக்கு அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

"இன்னா சார், ரெண்டு பார்ட்டில ஒரு பார்ட்டிகூட வரல? ஸ்டாண்டு மொத்தமும் காலியா கீது. நானும் ஒரு நாயும்தான். அந்தப் பொண்ணு ஒவ்வொரு ரவுண்டுலயும் திரும்பித் திரும்பிப் பாக்குது சார். மூணாவதா வந்துச்சு. முடிஞ்சப்புறம் மெதுவா வந்து, வண்டிய ஸ்லோ பண்ணி, வழக்கமா காட்டுற மாதிரியே கைய காட்டிக்கினு போச்சு. காலி ஸ்டாண்டப் பாத்து, சார்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வேனைக் கண்டு அவர்களும் திரும்பிவிட்டார்கள்! 'கிழக்கு போகிறது, நாம் எதற்கு' என்று தனசிங்கும் வண்டியைத் திருப்பியிருக்கிறார். தலையைக் குனியாதே மச்சான். ஆறு ஆண்டுகளில் நாம் இருவரும் ஒரே மாதிரி யோசித்தது அந்த ஒரு நாள்தான்.

அமைப்பாளர்கள் காலி ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். அன்றும் பார்க்க ஆளில்லை என்றால், அடுத்த ஆண்டிலிருந்து மூடிய கார், பைக் மட்டும்தான். திறந்த சக்கரம் அந்தத் திடலில் உருளாது. தென்னகமும் கிடையாது, சோழமண்டலமும் கிடையாது. நாம் எதற்காக அடித்துக்கொண்டோமோ, அதுவே கிடையாது! நமக்கு என்ன, வேறு சண்டை கிடைக்கும். ஜீவிதாவுக்கு? பகல் முழுதும் சர்வீஸ் சென்டரில் கிரீஸ் பூசிய கையோடு நின்று, அந்த ஒரு சீட்டுக்காக ஆண்டு முழுதும் காத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன கிடைக்கும்?

நான் பிள்ளைகளுக்கு நடத்தும் பாடம்தான் இது. சக்கரத்துக்கு மூடியுள்ள கார்கள் உரசினால் கீறல் விழும். திறந்த சக்கரம் இரண்டு உரசினால், முந்துகிறவனும் பறப்பான், பின்னால் வருகிறவனும் பறப்பான். இது ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டும்போதும், பக்கத்தில் வருகிறவனுக்கு ஒரு சக்கரத்தின் அகலம் இடம் விடுவார்கள். ஓட்டுகிறவர்கள் விட்டார்கள். உட்கார்ந்து பார்க்கிற நாம் விட்டோமா? ஒரு சக்கரத்தின் அகலம் விட்டோமா?

இனி நான் சொல்லப்போவது முன்வரிசைக்கு. செல்வமேரி அம்மா, நீங்கள் பந்தயம் பார்க்க வரமாட்டீர்கள். பயம். மகள் ஓட்டும் நேரம் முழுதும் கோவிலில் முழந்தாளில் இருப்பீர்கள். அன்று இரவு மகளைக் கேட்டிருக்கிறீர்கள், 'குடை தெரிஞ்சுதாடி?' என்று. 'தெரிஞ்சுதும்மா, நிறைய' என்று அவள் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் மாவு வாங்க வந்த என்னிடம் நீங்கள் சொன்னீர்கள்: "சார், வெயில்ல வந்து நின்னீங்களாமே, பாப்பா சொன்னா. ரொம்ப நன்றி சார்." நான் என்ன செய்தேன்? 'பரவாயில்லம்மா' என்றேன். அந்த நன்றியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மாவோடு மாவாக வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா, உங்கள் மகள் சொன்னது உண்மையில்லை. அன்று மூன்றாம் வளைவில் ஒரு குடைகூட இல்லை. எங்களைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அந்தப் பிள்ளை பொய் சொன்னாள். இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள்.

அம்மா எழுந்து நிற்கிறார்கள். கொஞ்சம் அமைதி. அந்த மைக்கை அவர்களிடம் கொடுங்கள். வேண்டாமா? சரி, நீங்கள் சொல்லுங்கள் அம்மா, நான் திருப்பிச் சொல்கிறேன். ... "எனக்கு அன்னிக்கே தெரியும் சார். பொய் சொன்னா அவ காதைத் தொடுவா." கேட்டதா பின்னால் இருப்பவர்களுக்கு? அன்றைக்கே தெரியுமாம்! அப்படியென்றால் அம்மா, எனக்கு எதற்காக நன்றி சொன்னீர்கள்? ... என்ன? சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா. ...

"அடுத்த தடவையாவது வருவீங்கன்னுதான் சார்."

அன்பர்களே, எழுதிக்கொண்டு வந்த பேச்சில் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. இதோ மடித்துவிட்டேன். தனசிங், இப்படி வா. கையைக் கொடு. தூணுக்குச் சொன்ன சமாதானத்தையெல்லாம் சேர்த்து உனக்கே சொல்கிறேன். ஞாயிறு காலை ஆறரை மணி, தாம்பரம் ரயில் நிலையம், கிழக்கு வாசல். மேற்கு வாசல் என்கிறாயா? சரி மச்சான், மேற்கு வாசலே! ஒரே பஸ். நிரம்பினால் இன்னொரு பஸ். குன்றத்தூரில் டீ குடிப்போம், ஆனால் வண்டி திரும்பாது. வீட்டில் எத்தனை குடை இருக்கிறதோ அத்தனையும் கொண்டுவாருங்கள். கிழிந்ததா? பரவாயில்லை. கம்பி வளைந்ததா? பரவாயில்லை. பூப்போட்ட குடையா? அதுதான் தூரத்திலிருந்து நன்றாகத் தெரியும்!

கூட்டத்தைக் கூட்டிய தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி சொல்லி முடிப்பது மரபு. ஆனால் எனக்கு உரிய நன்றியை இந்த அம்மா முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். அதற்கு இன்னும் நான் ஒன்றுமே செய்யவில்லை. ஆகவே என் நன்றி ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் வளைவில், குடையோடு. அதுவரை அனைவருக்கும் வணக்கம்.