கணக்கில் சேராத கிழக்கு மேடு

— மறந்துட்டியா, இல்ல வேணும்னே விட்டுட்டியா பாப்பா?

— அண்ணா, ஃபைலைக் கீழ வை. நாலு மணிக்கு வண்டி வருது. இன்னும் பைண்டிங் கூட பண்ணல.

— ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா? இருபத்திரெண்டு வருஷமா இந்தச் சுரங்கத்துல டிப்பர் ஓட்டுறேன். எந்தக் குழி எவ்வளவு மண்ணு குடிக்கும்னு உன் கம்ப்யூட்டரை விட எனக்கு நல்லாத் தெரியும்.

— தெரியும், தெரியும். அதான் மேனேஜரே உன்னை 'நடமாடும் தராசு'ன்னு கூப்பிடுறாரே.

— கிண்டலா... சரி, நீயே சொல்லு. சுரங்கத்தை மூடுறப்ப இந்த நிலத்தைப் பழையபடி ஆக்க என்னென்ன செலவு போட்டிருக்க? வடக்குக் குழி?

— பக்கத்துலயே மண்ணு கிடக்கு. தள்ளிவிட்டா மூடிடும்.

— தண்ணி?

— மூணு வருஷம் பம்பு ஓடணும். குழித் தண்ணியில இருக்கிற அமிலப் புளிப்பு முறிய சுண்ணாம்பு கொட்டணும். ரெண்டும் போட்டாச்சு.

— மேல்மண்ணு?

— ரெண்டடி. வெளிய வாங்கணும். தோண்டும்போது ஒதுக்கி வெச்ச நல்ல மண்ணை எவனோ வித்துத் தின்னுட்டான்.

— செடி இருக்கு, வேலி இருக்கு, காவல்காரனுக்குச் சம்பளம்கூட இருக்கு. நாங்க மண்ணைக் கொட்டிக் குவிச்ச கிழக்கு மேடு எங்க?

— அது அங்கயே இருக்கட்டும். சரிவைக் கொஞ்சம் செதுக்கி, மேல புல்லு போட்டு...

— புல்லா? உன் புருஷன் அதுக்கு அடியில கிடக்குறாரு. அவர் மேல புல்லு போடப்போறியா?

— மெதுவா பேசு. பக்கத்து ரூம்ல ஆளு இருக்கு.

— இருக்கட்டும். மேடு சரிஞ்சப்ப பதினோரு நாள் தோண்டினோம். பன்னெண்டாம் நாள் மேடு ஆபத்து, யாரும் கிட்ட போகாதீங்கன்னு நிறுத்திட்டாங்க. மழையில சரிஞ்சுதுன்னு எழுதி மூடிட்டாங்க. அஞ்சு வருஷம் ஆச்சு. இப்பவும் அள்ளலைன்னா இனி எப்ப?

— நாலு லட்சம் கன மீட்டர் அண்ணா. அள்ளிக் குழிக்குள்ள போட மீட்டருக்கு நூத்திமுப்பது. அஞ்சு கோடியே இருபது லட்சம். கம்பெனி அரசாங்கத்துகிட்ட கட்டி வெச்ச தொகையில இதைச் சேர்த்தா, தண்ணிக்கு ஒண்ணும் மிஞ்சாது. அந்தத் தண்ணி ஊருக்குள்ள இறங்கும்.

— கூடப் போட்டுக் கட்டட்டும். நீ எழுதினா அவங்க கட்டித்தான ஆகணும்?

— எழுதினா கட்டணும்...

— அப்ப எழுது!

— எழுதி? அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் அங்க என்ன அண்ணா இருக்கும்?

— என்ன இருந்தாலும் சரி. ஒரு பெல்ட்டு... ஒரு பூட்ஸு. கையில வாங்கி ஒரு இடத்துல வெச்சா, உன் பொண்ணு போய் நிக்கவாவது ஒரு இடம் இருக்கும். போன வாரம் என்கிட்ட கேட்டா, 'அப்பாவை எங்க மாமா வெச்சிருக்காங்க'ன்னு. வண்டி கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

— என்கிட்டயும் கேட்டா.

— என்ன சொன்ன?

— அழுதுட்டேன். அவளே வந்து என் கண்ணைத் துடைச்சுவிட்டா.

— அவளுக்காகவாவது...

— எனக்கு வேணாம் அண்ணா. விட்டுடு.

— அஞ்சு வருஷமா அந்த மேட்டைப் பாக்குற ஜன்னலைத் தொறக்காதவ நீ. உனக்கு வேணாமா?

— உனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?

— ஏன்னா... நீ உக்காரு.

— பரவால்ல, சொல்லு.

— அன்னைக்கு மத்தியானமே மேட்டு விளிம்புல விரிசல் விட்டுடுச்சு. சிவப்புக் கொடி நட்டு, இனி யாரும் கொட்டக்கூடாதுன்னு...

— அண்ணா, வேணாம்.

— குறுக்க பேசாத பாப்பா, இன்னைக்கு விட்டா என்னால சொல்ல முடியாது. இன்னும் ஒரு நடை அடிச்சா போனஸ். காவலுக்கு நின்னவன் டீ குடிக்கப் போயிருந்தான். கொடியைச் சுத்தி ரிவர்ஸ் எடுத்தேன். கீழ மாப்பிள்ளை பம்புக் குழாயை மாட்டிக்கிட்டு இருந்தாருன்னு... சத்தியமா தெரியாது. லோடைச் சரிச்சேன். வண்டியை முன்னால எடுக்கிறதுக்குள்ள மேடே நழுவிப் போச்சு. மழை இல்ல. நான்தான். செருப்பால அடி. மேட்டைத் தோண்டட்டும், விசாரணை வரட்டும், நானே போய்ச் சொல்றேன். தினமும் உன் வீட்டுல உக்காந்து உன் கையால சாப்பிட முடியல பாப்பா... நீ கிழக்கு மேட்டை மட்டும் எழுது.

— மேட்டோட அளவைப் போட டிப்பருங்க ஒவ்வொரு லோடுக்கும் போட்ட பழைய நடைச் சீட்டெல்லாம் எடுத்துக் கூட்டினேன் அண்ணா. கொடி நட்டது ரெண்டு மணிக்கு. கடைசிச் சீட்டு மூணு பத்து... உன் கையெழுத்து. மேட்டைக் கணக்குல சேர்த்தா எல்லாச் சீட்டையும் இணைச்சு அனுப்பணும். அவரும் இல்லாம, நீயும் இல்லாம, அந்தப் பொண்ணை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே அந்தச் சீட்டை எரிச்சுட்டேன்; இப்ப மேட்டைச் சேர்த்தா அது எங்கன்னு கேப்பாங்க. அவரை அங்கயே விட்டுட்டேன் அண்ணா.