பச்சையில் நின்ற ஆறு

திரையில் தெரிவதை நம்புகிறவர்கள் அதன் ஓரத்திலுள்ள தேதியைப் பார்ப்பதே இல்லை. இந்த எண்ணம் எனக்குப் பல வருஷமாக உண்டு, யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஊருக்கு இணைய இணைப்பு ஒன்றுதான். நகராட்சியில் இருக்கும் ஒரு பெட்டி வழியாக எல்லா வீடுகளுக்கும் போகிறது. ஒருவர் திறந்த பக்கத்தின் நகலைப் பெட்டி வைத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுக்கும். எந்த நகலை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று அதற்குச் சொல்வது என் வேலை.

மலையில் பெய்யும் மழை கீழே எங்களுக்குத் தெரியாது. ஆற்றுமட்டப் பக்கத்தில் நிறம் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறினால்தான் வெள்ளம் வருவது தெரியும். மழைக்காலத்தில் ஊரே அதை ஓயாமல் திறக்கும். ஞாயிற்றுக்கிழமையோ, வடக்கே அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் அழைக்கும் நாள். இணைப்பு திணறி அவர்கள் முகம் பாதியில் நின்றுவிடும். நின்றுபோன முகத்தோடு பேசிக்கொண்டே இருக்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஞாயிறுகளில் ஆற்றுப் பக்கத்தின் காலை நகலையே இரவு வரை கொடு என்று பெட்டிக்குச் சொல்லியிருந்தேன்.

மாதா தேர்பவனி நடந்த ஞாயிறு, நல்ல வெயில். என் கணினிக்கு மட்டும் பெட்டியைத் தாண்டிப் பார்க்க வழி உண்டு. பார்த்தேன். ஆறு சிவப்பில் இருந்தது.

ஆற்றோரத்தில் பலேயாதா ரொட்டி சுட்டு விற்கும் எனெய்டா அப்போது போன் செய்தார்; ஊரார் மரியாதையாகத் தோன்யா என்று அழைக்கும் மூதாட்டி. அவர் காலில் மாவுக்கட்டு. தேர் பார்க்கப் போனவர்கள் மூன்று பிள்ளைகளை அவரிடம் விட்டிருந்தார்கள்.

"நூபியா, மகளே, இங்க பச்சைன்னு காட்டுது. மலையிலேர்ந்து என் தங்கச்சி சிவப்புங்கிறா. கிழடு தட்டினது என் போனுக்கா, எனக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல தோன்யா. போன்ல இருக்கிற பழசை அழிச்சிட்டு மறுபடி திறங்க."

"அழிச்சாச்சு. பச்சையேதான்."

"அணைச்சுப் போட்டுப் பாருங்க."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழைத்தார். "இப்பவும் பச்சை. அப்ப அவதான் பயமுறுத்துறா. சின்ன வயசுலேர்ந்து அவளுக்கு அதுவே பொழப்பு."

"இருக்கலாம்" என்றேன்.

போனில் எதை அழித்தாலும் பச்சைதான் வரும் என்று எனக்குத் தெரியும். சிவப்பு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பிள்ளைகளைத் தூக்க ஆள் கேட்டிருப்பார். நான் எழுந்து போக வேண்டியிருக்கும். டெக்சாஸிலிருந்து என் மகன் ரெனான் அப்போதுதான் தன் குழந்தையைத் திரைக்கு அருகில் கொண்டுவந்திருந்தான். நான் அதைப் பார்ப்பது முதல் தடவை. படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

நால்வரையும் மறுநாள் பாலத்தடியில் எடுத்தார்கள்.

விசாரிக்க வந்த அரசு வக்கீலம்மா எதெல்மிரா கோபப்படாதவர். நான் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"'ஊரிலுள்ள தாய்மார்களுக்காகச் செய்தேன்'னு சொல்லியிருக்கீங்க."

"ஆமாம்."

"நூபியா, நான் ஒவ்வொருத்தரையா கேட்டுட்டேன். அந்த நேரத்துல அவங்க எல்லாரும் தேர் பின்னால நடந்துக்கிட்டிருந்தாங்க. பேசினது நீங்க ஒருத்திதான்."

அவர் நீட்டிய பேனாவை வாங்கித் திறந்தேன்.

"அந்த ஒரு வரியை எடுத்துடலாமா? மத்ததெல்லாம் உண்மை. கையெழுத்து போட்டுடுங்க."

பேனாவை மூடி அவர் பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

"அந்த வரி இருக்கட்டும், வக்கீலம்மா. அது இல்லன்னா நான் போட மாட்டேன்."