அவர் அவிழ்த்த பன்னிரண்டு பட்டைகள்

தலைமையேற்றிருக்கும் நெசவாளர் தலைவர் அவர்களே, நம் போன்வயர் ஊரின் சபை மூப்பர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் துயர் சுமந்து அமர்ந்திருக்கும் மகள் அபெனாவே! ஆயுளை அளந்து கொடுத்து, அளந்தபடியே திரும்பப் பெறும் ஆண்டவரை முதற்கண் வணங்குகிறேன்.

பெரியவர் க்வாக்கு சார்ப்போங் மறைந்தார். நாற்பத்தாறு ஆண்டுகள் என் தறிக்கு அடுத்த தறியில் அமர்ந்திருந்தவர். குறுகிய பட்டைகளாக நெய்து பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைக்கும் நம் கெண்டேத் துணியை நெய்வதில் அவருக்கு நிகர் யார்? என் பெயரைச் சொல்வோர் இவ்வூரில் உண்டு. அது பிழை. அந்தப் பிழை பிறந்த கதையைச் சொல்லவே எழுந்தேன்.

பக்கத்து ஊர்த் தலைவரின் பட்டமேற்புக்கு ஒரு துணி கேட்டார்கள். இருபத்து நான்கு பட்டைகள். ஆளுக்குப் பன்னிரண்டு நெய்தோம். மாற்றி மாற்றி அடுக்கித் தைக்கப் போனால், அவர் கட்டமும் என் கட்டமும் சேரவில்லை! என் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு விரல் குட்டை. குறுக்கே ஓடும் ஊடை நூலை நான் அத்தனை வன்மையாக அடித்திருந்தேன்.

அவர் சிரித்தார். "ஏய் பிரசங்கி, நூல் என்னடா பாவம் பண்ணுச்சு? சாத்தானை அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கியே!"

"என் நெசவு கெட்டி. உன்னுதுதான் தொளதொள" என்றேன். பிழை யாருடையது என்பதை நான் அறியாதவனா? அறிவேன். ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

மூன்று வாரமே இருந்தது. மறுநாள் காலை போய்ப் பார்க்கிறேன்: தம்முடைய பன்னிரண்டு பட்டைகளையும் அவிழ்த்து நூலை உருவிக்கொண்டிருக்கிறார்! குறையற்ற பன்னிரண்டையும்!

"ஏன்யா உன்னுதைப் பிரிக்கிற?"

"உன் கை இளகாதுடா. ஆறு தடவை நெய்ஞ்சாலும் இப்படித்தான் வரும். என் கைக்கு இறுகத் தெரியும். போ, போய்க் கஞ்சி குடிச்சிட்டு வா."

என் பிழையின் அளவுக்குத் தம் கையை இறுக்கி, பன்னிரண்டையும் மீண்டும் நெய்தார். கட்டத்தோடு கட்டம் சேர்ந்தது. 'என்ன கெட்டியான நெசவு!' என்று அந்த ஊர்த் தலைவர் என்னைத்தான் பாராட்டினார். நான் மறுத்தேனா? இல்லை. அவர் யாரிடமேனும் சொன்னாரா? இல்லை, இறுதிவரை இல்லை!

அவையோரே! தம் மகள் அபெனாவின் திருமணத்துக்கென அவர் நெய்துவந்த துணியில் பத்தொன்பது பட்டைகள் முடிந்துள்ளன. ஐந்து மீதம். இளைஞர் பலர் வேறு துணி தர முன்வந்தனர். "அப்பா துணியைத்தான் கட்டுவேன், அரைகுறையா இருந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டாள் அபெனா. அந்த ஐந்தையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்று முறை நெய்து பார்த்தேன். முதல் பட்டையின் கட்டம் ஒரு விரல் குட்டை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அரை விரல். மூன்றையும் அவிழ்த்துவிட்டேன்.

மகளே, உன் தந்தையின் பட்டைகளில் ஓர் இழையையும் எவரும் தொட மாட்டார்கள். இம்முறை மாற வேண்டியது என் கை. நாளை வெள்ளி, அன்று தறியில் புதிய பாவு பூட்டும் வழக்கம் நமக்கில்லை. சனிக்கிழமை விடிந்ததும் நான்காம் முறை அமர்வேன். அவர் கையை இறுகச் செய்த ஆண்டவர், என் கையை இளகச் செய்வாராக.