நாலாவது மூலையில ஒரு முடிச்சு கம்மி

இல்லங்க, எனக்கு எடம் வேணாம், நீங்க உக்காருங்க. நான் கேட்டது உங்க கூடையப் பத்தி. அந்த நீலமும் வெள்ளையும் போட்ட வயர் கூடை, அது நீங்களே பின்னுனதா? சரி. யாரும் பக்கத்துல உக்காந்து சொல்லித்தந்தாங்களா, இல்ல நெட்ல பாத்தா? அப்படிப் போடுங்க. ஐரின் கைவேலைன்னு ஒரு பிளாக், அதுலதேன பாத்தீங்க? எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, கூடை எடதுபக்கமா சாயுதுல்ல. நாலாவது மூலையில ஒரு முடிச்சு கம்மி. அது உங்க தப்பு இல்ல தங்கச்சி. எழுதுன மகராசி பண்ணுன தப்பு. நாந்தேன் அந்த ஐரின்.

அட, எந்திரிக்காதீங்க. எனக்கு எதுக்கு எந்திரிக்கிறீங்க, நான் என்ன கலெக்டரா? ஆனா நல்லா இருக்கு. பதினஞ்சு வருசமா எழுதுறேன், என் பிளாக்கப் பாத்துப் பின்னுன கூடைய ரோட்டுல ஒரு ஆளு தூக்கிட்டு வந்து இன்னைக்குத்தேன் பாக்குறேன். அதுவும் இன்னைக்குப் பாத்து. காலையில இருந்து காரணமே இல்லாம சிரிச்சுக்கிட்டு இருக்கேன். ஆட்டோக்காரரு கண்ணாடி வழியா என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. இம்புட்டுப் பூ எதுக்குன்னு நீங்களும் பாக்குறீங்க. சொல்றேன், சொல்றேன்.

நீங்க வில்லங்கம் எடுக்க வந்தீங்களா? டோக்கன் என்ன? நாப்பத்தி ஒண்ணு. இப்ப இருபத்தாறுதேன் ஓடுது, அப்ப நேரம் கெடக்கு. எனக்கு ஒரு ஒதவி வேணும். கையில ஆதார் கார்டு இருக்கா? ஒரு சாட்சிக் கையெழுத்து. மூணு பேரு போடணும், ரெண்டு பேருதேன் இருக்காங்க. மூணாவது ஆளு வரல, போனை அமத்தி வச்சுட்டான். ரிஜிஸ்டர் சார் ஒரு மணிக்கு எந்திரிச்சாருன்னா மதியம் மீட்டிங்குக்குப் போயிருவாராம். இன்னைக்குத்தேன் கடைசி நாளு, விட்டா எல்லாம் மொதல்ல இருந்து. பயப்படாதீங்க, எடம் வாங்குற சமாச்சாரம் இல்ல, நாளைக்கு யாரும் உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டாங்க. மொதல்ல கூடைக் கதையக் கேளுங்க. கேட்டுட்டு மனசு இருந்தாப் போடுங்க, இல்லைன்னா பைத்தியம்னு நெனச்சுட்டுப் போயிருங்க.

நான் ஒரு பள்ளிக்கூடத்துல ஆபீஸ் கிளார்க்கு. ஸ்கூலுக்குக் கம்ப்யூட்டர் வந்துச்சு, தமிழ் டைப்பிங் பழகுங்கன்னு சொல்லிட்டாக. என்னத்த அடிச்சுப் பழகுறது? அங்க இன்னாசியம்மான்னு ஒரு டீச்சர், வயர் கூடை எப்படிப் பின்றதுன்னு என் உசுர எடுத்துக்கிட்டு இருந்தா. சரின்னு அவளுக்குச் சொன்னதையே அடிச்சேன். கம்ப்யூட்டர் சொல்லித்தர வந்த தம்பி அதைத் தூக்கி பிளாக்ல போட்டுக் குடுத்துட்டுப் போயிருச்சு. அம்புட்டுத்தேன் ஆரம்பம். மொத மாசம் நாலு பேரு பாத்தாக. அதுல மூணு தடவை நானு.

ரெண்டாவது வருசம் ஒரு கூத்து. ஒரே நாள்ல ரஷ்யாவுல இருந்து நானூறு பேரு பாத்திருக்காகன்னு காட்டுது. எனக்குக் கால் தரையில நிக்கல. அந்தக் குளிர்ல ஒக்காந்து வயர் கூடை பின்றாகளே, கை வெறைக்காதான்னு கவலைப்பட்டேன். ஹெச்.எம். கிட்டச் சொன்னேன், கோயில்ல சாமியார்கிட்டச் சொன்னேன், மீன்காரம்மாகிட்டச் சொன்னேன். ரஷ்ய மக்களுக்கு வணக்கம்னு ஒரு போஸ்ட்டே போட்டேன், சிரிக்காதீங்க. பெறகு அந்தத் தம்பி சொல்லுது, மேடம் அது ஆளு இல்ல, ஏதோ மெஷினு சும்மா வந்து போகும்னு. ரெண்டு நாளு ஆபீஸ்ல தலை நிமிரல நானு.

அந்த வெக்கத்துல நிறுத்தியிருப்பேன். அப்பத்தேன் ஒரு கமெண்ட்டு வந்துச்சு. பேரு போடலைன்னா பெயரில்லான்னு காட்டும்ல, அந்தப் பெயரில்லா. ஒரே வரி. கைப்பிடி எப்படி வைப்பது என்று எழுதவே இல்லையே. பாத்தா நெசந்தேன். அடி போட்டு, மேல ஏத்தி, வாய் வரைக்கும் கொண்டுவந்துட்டேன், கைப்பிடிய மறந்தே போயிட்டேன். கைப்பிடி இல்லாத கூடைய வச்சு என்ன செய்யிறது? ஒடனே எழுதிப் போட்டேன். ரெண்டாவது கூடை, மறுபடியும் பெயரில்லா. ஏழு அடி வயர் பத்தாது, ஏழரை வேண்டும். அதுவும் சரி. நன்றி சொல்லாது, நல்லாருக்குன்னு சொல்லாது, தப்ப மட்டும் சொல்லும். நான் என்ன நெனச்சேன்னா, யாரோ ரிடையர் ஆன பெரிய டீச்சர், மூக்குல கண்ணாடி, கையில செவப்புப் பேனா. அதுக்கு பயந்துக்கிட்டு மூணாவது கூடைய, நெல்லிக்காய் முடிச்சு போட்டது, மூணு வாட்டி பின்னிப் பாத்து, ஸ்கேல் வச்சு அளந்து எழுதுனேன். அந்த ஒரு போஸ்ட்டுக்குத்தேன் இன்னைக்கு வரைக்கும் கமெண்டே கெடையாது. மூணு வாரம் பாத்தேன்.

இல்ல, பெறகு வந்துச்சு. அடுத்த கூடையில தப்பு இருந்துச்சு, வந்துருச்சு. வருசக்கணக்கா அப்படித்தேன். நான் எழுதுவேன், அது திருத்தும், அடியில நன்றி பெயரில்லா அவர்களேன்னு நான் போடுவேன். ஒருநாள் பொறுக்க மாட்டாம, டீச்சர், நீங்க எந்த ஊருன்னு கேட்டேன். பதில் வருது. நான் டீச்சர் இல்லை. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். பெயர் பசுபதி. உங்கள் மூன்றாவது படம் தலைகீழாக இருக்கிறது.

ஆம்பளை. அதேன் நானும் வாயப் பொளந்தேன். ரெண்டு வண்டிக்கு நடுவுல கெடைக்கிற நேரத்துல டைம் கீப்பர் கூண்டுக்குள்ள ஒக்காந்து கூடை பின்ற ஆளு. அவரு பொஞ்சாதி ஒரு கூடையப் பாதியில விட்டுட்டுச் செத்துப்போச்சு. நீலமும் வெள்ளையும். அதை எப்படியாவது முடிச்சு வைக்கணும்னு தேடியிருக்காரு, நம்ம கைப்பிடி இல்லாத போஸ்ட்டுல வந்து முட்டியிருக்காரு. இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. பெறகுதேன் தெரியும்.

உங்க கூடைய எப்பப் பின்னுனீங்க? சின்ன மகளுக்கு அஞ்சு வயசுல. இப்ப பதிமூணுன்னா, ரெண்டாயிரத்திப் பதினேழு. ஜூன் மாசமா? ஸ்கூல் தொறக்கையிலதேன? அய்யோ, கரெக்ட்டா வந்து நிக்கிறீங்களே. அந்த ஜூன்ல போஸ்ட்டப் போட்டேன், கமெண்ட்டு வரல. ஒரு நாளு, ரெண்டு நாளு, பதினோரு நாளு. அந்தத் தப்பு திருத்த ஆளு இல்லாம அப்படியே நெட்ல கெடக்கு. நீங்க அந்தப் பதினோரு நாளைக்குள்ளதேன் பாத்திருக்கீங்க. பெறகு நான் திருத்திப்புட்டேன்.

பதினோராவது நாளு எனக்குச் சோறு எறங்கல. ஸ்கூல்ல லீவு சொல்லிட்டு திருமங்கலம் பஸ்ல ஏறிட்டேன். எதுக்குப் போறேன்னு எனக்கே தெரியல, முன்னப்பின்ன பாக்காத மனுசன். அந்தக் கூண்டுல வேற ஆளு இருந்தாரு. பசுபதி அண்ணனுக்கு மஞ்சக்காமாலை, வீட்டுல படுத்திருக்காருன்னு சொன்னாரு. நாலு எளநி வாங்கிக்கிட்டுப் போயி நின்னேன். அந்த வீட்டுக்குள்ள நொழைஞ்சா, செவத்துல ஆணி அடிச்சு வரிசையா என் கூடை. நான் எழுதுன அம்புட்டையும் பின்னி வச்சிருக்காரு தங்கச்சி. எது முன்னாடி எழுதுனேன், எது பின்னாடி எழுதுனேங்கிறது மொதக்கொண்டு வரிசையா. ஒண்ணுகூடச் சாயல. வரிசையில மொதக் கூடை அந்த நீலமும் வெள்ளையும்.

கட்டில்ல படுத்திருக்காரு, கண்ணு ரெண்டும் மஞ்சளு. நான்தேன் ஐரின்னேன். மனுசன் எந்திரிக்கக்கூட முடியாம சொல்றாரு, நாலாவது மூலையில ஒரு முடிச்சு கம்மியா எழுதிட்டீங்க மேடம், கமெண்ட்டு போட முடியல, மன்னிச்சிருங்கன்னு. நான் சிரிக்க ஆரம்பிச்சேன், அது அழுகையா மாறிப்போச்சு. அவரு பயந்துபோயி, ஒரு முடிச்சுதேன மேடம், மாத்திறலாம்ங்கிறாரு.

பெறகென்ன, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் போவேன். வயர் வாங்கிக்கிட்டு, அளவு பாத்துக்கிட்டு, எதுத்தாப்புல ஒரு டீக்கடையில உக்காந்து பேசிக்கிட்டு வருவேன். எட்டு வருசம். போன வருசம் கிறிஸ்மஸுக்கு முந்துன வாரம், மதுரை வண்டியில என்னை ஏத்திவிட்டாரு. ஜன்னல்கிட்ட வந்து நின்னு, என் மூஞ்சியப் பாக்காம கையில இருந்த டைம் நோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. இருவத்தெட்டு வருசமா எல்லா வண்டிக்கும் டைம் எழுதுறேன், நீங்க போற வண்டிக்கு மட்டும் எழுதப் புடிக்கலன்னு. வண்டி கெளம்பிருச்சு. நான் கப்பலூர் தாண்டுற வரைக்கும் டிக்கெட்டே எடுக்கல.

ஆமா, கல்யாணந்தேன். எனக்கு அம்பத்தொண்ணு, அவருக்கு அம்பத்தெட்டு. நான் வேதக்காரி, அவரு இந்து, அதேன் இங்க வச்சுப் பண்ணுறோம். அந்தா ஜன்னல்கிட்ட கட்டம் போட்ட சட்டை, நிமிசத்துக்கு ஒருக்கா வாட்ச்சப் பாக்குறாருல்ல, அவருதேன். பக்கத்துல நிக்கிறது அவரு கூட்டாளி வெள்ளைத்துரை, கண்டக்டரு. மஞ்சச் சேலை இன்னாசியம்மா. மூணாவது என் தம்பி ஜூடு போடுறதா இருந்துச்சு. அவரு மேல குத்தம் ஒண்ணும் சொல்லல அவன். இந்த வயசுல எதுக்கு, ஊரு என்ன சொல்லும்னு அதேதேன். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு தள்ளித் தள்ளியே மூணு மாசம் முடியிற நாளுக்குக் கொண்டுவந்துட்டான். நோட்டீஸ் குடுத்து மூணு மாசத்துக்குள்ள முடிக்கணும், இல்லைன்னா திரும்ப நோட்டீஸு, திரும்ப முப்பது நாளு. நேத்து ராத்திரி வாரேன் அக்கான்னான். அந்தக் கொரலைக் கேட்டப்பவே வர மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு. அவனை வளத்தது நானு. கஷ்டமாத்தேன் இருக்கு, இல்லைன்னு சொல்லல. அதைப் பெறகு வச்சு அழுதுக்கிறேன். இன்னைக்கு முடியாது, சிரிப்பா வருது.

உங்க மாமியா என்ன சொன்னாக? உனக்குக் கையே நேரா வரலைன்னாகளா? அன்னைக்கு இருந்து பின்றதையே விட்டுட்டீங்களா? எட்டு வருசமாவா? அய்யோ சாமி. இதைச் சொல்லாம விட்டா எனக்குப் பாவம் புடிக்கும். கிட்ட வாங்க. இதை நான் இன்னாசியம்மாகிட்டக்கூடச் சொன்னதில்ல.

உங்க கை நல்ல கை. அந்தத் தப்பு நான் வேணும்னே விட்டது. அந்த நெல்லிக்காய்க் கூடைக்கு மூணு வாரம் கமெண்ட்டு வரலைன்னு சொன்னேன்ல. வராது. சரியா எழுதுனா அந்த மனுசனுக்குச் சொல்ல ஒண்ணும் இல்லையே. அன்னையில இருந்து ஒவ்வொரு கூடையிலயும் ஒண்ணே ஒண்ணு விடுவேன். அரை அடி வயரு, ஒரு முடிச்சு, தலைகீழா ஒரு போட்டோ. அவரு காய்ச்சல்ல கெடப்பாரு, நீங்க வந்து அந்நேரம் பாத்துப் பின்னுவீங்கன்னு கண்டேனா? அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பாவம், ஐரினுக்கு கைவேலை வரும், கணக்கு வராதுன்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவாரு. நான் முப்பது வருசமா ஒரு பள்ளிக்கூடத்துக்கே கணக்கு பாக்குறேன்.

போடுறீங்களா? நெசமாவா? பேரு என்ன? மாதங்கி. நல்லா இருங்க மாதங்கி. அந்தக் கூடையையும் எடுத்துக்கிட்டு வாங்க, ஆனா அவரு கண்ணுல படாம அங்குட்டுப் புடிச்சுக்கோங்க, பாத்தாருன்னா இப்பவே பிரிக்கச் சொல்லுவாரு. அடுத்த கூடை நெல்லிக்காய் பின்னுங்க. அது ஒண்ணுதேன் தப்பில்லாம எழுதுனது, உங்க மாமியா தலையில தூக்கிட்டுப் போவாக.

பாத்தீங்களா, கையில ஃபாரத்த வச்சுக்கிட்டு வாராரு. நான் வீட்டு நம்பர் கட்டத்த நிரப்பலையாம். பதினெட்டு வருசமா குடியிருக்கேன் மாதங்கி, நம்பர் தெரியாதா எனக்கு? நீங்க சிரிச்சுராதீங்க.

இந்தா வந்துட்டேங்க. அய்யோ, ஆமால்ல, பாக்கவே இல்லையே நானு. நீங்களே எழுதிருங்க.