கோலில் வரைந்த கோடு

டிசம்பர் குளிரில் கிடந்த துப்பாக்கியை வெதுவெதுப்பான வீட்டுக்குள் கொண்டுவந்தால் வியர்க்கும், மேடம். குழலுக்குள் கெட்டித்த வெடிமருந்து நமுத்துவிடும். அதனால் எங்கள் வேட்டைக் குழுவில் எல்லோரும் துப்பாக்கியைக் கொட்டகையில்தான் சாத்திவைப்போம். மருந்தைப் பற்றவைக்கிற சின்னக் குப்பியை, அதாவது பிரைமரைக் கழற்றிவிட்டால் போதும், மருந்தும் குண்டும் உள்ளேயே கிடக்கலாம். அயோவாவில் குழலின் வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடுகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

வெர்லின் என் மனைவி லொரெய்னின் தம்பி. அவன்மேல் எனக்குக் கோபம் ஏதும் கிடையாது.

இந்த வருடம் அவன் மின்பொறியில் வெடிக்கும் துப்பாக்கி வாங்கினான். பிரைமர் இல்லை, பிடிக்குள் ஒரு சின்ன பேட்டரி. விசையைத் தொட்டால் பொறி நேராக மருந்துக்குப் போகும். நியாயமாகச் சொன்னால் அது நல்ல பொருள். சுத்தியல் விழும் அதிர்வு இல்லாததால் குறி அசையாது. பிரைமரின் கசடு படியாது. ஈரம் அண்டாது. ஆனால் பிரைமர் இருக்கிறதா இல்லையா என்று திறந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். மின்சாரத்தை யார் பார்ப்பது?

போன டிசம்பர் மழையில் என் பிரைமர் பற்றவில்லை. மான் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்து போனது. வெர்லின் அதை விடவே இல்லை.

“மாமா, அந்த மான் உங்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பியிருக்காம்.”

“சிரிடா, சிரி. குளிர்ல உன் பேட்டரி செத்துப்போனா என்ன பண்ணுவ?”

“பையில இன்னொரு பேட்டரி இருக்கு. உங்ககிட்ட இன்னொரு மான் இருக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குழுவின் நிலத்தில் பேட்டரித் துப்பாக்கியை அனுமதிப்பதா என்று சனிக்கிழமை கைதூக்கி முடிவெடுக்க இருந்தோம். அனுமதித்துவிடுவார்கள் என்று தெரிந்தது. எனக்கு அது பொறுப்பில்லாத காரியமாகப் பட்டது. என்றைக்காவது அதனால் ஒருவர் சாவார், பிறகுதான் இவர்களுக்குப் புரியும். அந்த நாள் சீக்கிரம் வந்துவிட்டால் மற்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் அல்லவா? அதை நான் நிதானமாகத்தான் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை வெர்லின் வேட்டையிலிருந்து சுடாமலே திரும்பினான். பேட்டரியைக் கழற்றிச் சமையல் மேஜைமேல் வைத்துவிட்டு, மருந்து கெட்டித்தபடியே துப்பாக்கியைக் கொட்டகையில் சாத்தினான். அவன் அடுப்பில் மான்கறி கிளறிக்கொண்டிருந்தபோது பேட்டரியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மண்மேட்டைப் பார்த்து என் துப்பாக்கியால் ஒருமுறை சுட்டேன்.

வெர்லின் கவனமானவன். என் வாய்வார்த்தையை மட்டும் நம்பி மறுபடி கெட்டிக்க மாட்டான். மருந்து கெட்டிக்கிற கோலைக் குழலுக்குள் விட்டுப் பார்ப்பான். எங்கள் எல்லோருடைய கோலிலும் ஒரு கோடு இருக்கும். குழல் காலியென்றால் அந்தக் கோடு குழல் வாயோடு சரியாக நிற்கும். உள்ளே மருந்து இருந்தால் மேலே தூக்கி நிற்கும். ஆகவே அவன் கோலையும் கவனிக்க வேண்டியிருந்தது. பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு, உள்ளே மருந்து இருக்கும்போதே குழல் வாயோடு சரியாக நிற்கும்படி, கொஞ்சம் கீழே புதிதாக ஒன்று வரைந்தேன்.

உள்ளே வந்து சொன்னேன். “மருந்து நமுத்துடும்னு உன் துப்பாக்கியைச் சுட்டுக் காலி பண்ணிட்டேன்டா.”

“பாத்தீங்களா, உங்களுக்கே ஆசை வந்துடுச்சு! நாளைக்கு எனக்குத்தான் கை தூக்கணும் மாமா.” பிறகு நன்றியும் சொன்னான்.

காலையில் குழுவினர் எல்லோரும் வந்திருந்தார்கள். துப்பாக்கிமேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சுட்டுக் காட்டப்போவதாக வெர்லின் சொல்லியிருந்தான். முதலில் கோலை விட்டான். கோடு வாயோடு நின்றது.

“காலிதான்,” என்றான்.

மருந்தைக் கொட்டி, குண்டை வைத்துக் கெட்டித்தான். இப்போது கோடு தூக்கி நின்றது, எப்போதும் நிற்பது போலவே. பிறகு தண்ணீர் ஊற்றினான். மற்றவர்களை நான் வண்டிக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னேன். தயவுசெய்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்துக் குழல்கள் இரண்டு மடங்கு மருந்தையும் தாங்கும் என்று சிலர் சொல்கிறார்கள். எனவே முடிவைக் குழலிடம் விட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

“மாமா, காதைப் பொத்திக்கோங்க,” என்றான் வெர்லின்.

பொத்திக்கொண்டேன். குழல் தாங்கவில்லை.

அவன் வலியில்லாமல் போனானா என்று லொரெய்ன் கேட்டாள். ஆமாம் என்றேன். மறுவாரம் கைதூக்கினார்கள். பேட்டரி வேண்டாம் என்பதில் ஒருவர்கூட மாறுபடவில்லை.

நீங்கள் இப்போது கேட்டது சரியான கேள்வி, மேடம். அது பிரைமர் துப்பாக்கியாக இருந்தாலும் குழல் வெடித்திருக்குமே என்கிறீர்கள். வெடித்திருக்கும். தன்னைப் பற்றவைத்தது எது என்று மருந்துக்குத் தெரியாது. கோட்டை மாற்றியது நான், அவனைக் கொன்றதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவன் ஊற்றிய தண்ணீரை யோசித்துப் பாருங்கள். அவ்வளவு தண்ணீரில் பிரைமர் நனைந்து பற்றாமலே போயிருக்கும். வெர்லின் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். பிரைமர்தான் பாதுகாப்பு என்று அவனிடம் நான் எத்தனை முறை சொன்னேன்.