சூட்டில் அவிழ்கிற மடிப்பு

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், எவர் தயவுமில்லாமல் மூதூரில் இரண்டு கடை போட்டிருந்த எழுபதுகளின் கடைசி அது. திருகோணமலையிலிருந்து சரக்கோடு லாஞ்சிப் படகில் போகும்போது ஊர்க்கதை முழுக்க என் காதுக்குத்தான் வரும். அந்தச் சுகம் இன்றைக்கு எந்தப் பஸ்ஸிலும் இல்லை.

அன்றைக்கு எனக்கு முன்னால் வாங்குப் பலகையில் ஒரு தாயும் மகளும். பல்கலைக்கழகச் சோதனையில் தவறி, படிப்பை விட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளை என்று பேச்சில் விளங்கியது.

“முட்டை எண்டு நினைச்சு எழுதிப்போட்டன் அம்மா.”

“என்னடி முட்டை?”

“ட்ரான்ஸ்பர் ஆர்.என்.ஏ. எண்டு ஒண்டு. உடம்புக்குள்ள புரதம் கட்டச் சாமான் சுமக்கிற கூலியாள் மாதிரி. நூல் போல இருக்கிறது மடிஞ்சால்தான் வேலை செய்யும். சூடாக்கினால் என்ன நடக்கும் எண்டு கேட்டவை. அவிச்ச முட்டை மாதிரி, பிறகு சரிவராது எண்டு எழுதினன்.”

“சரிதானே. அவிச்ச முட்டை குஞ்சு பொரிக்குமே?”

“இல்லையம்மா. இதில மடிப்புத்தான் அவிழும். உப்புத் தண்ணிக்குள்ள மெல்ல ஆறவிட்டால் தானாப் பழையபடி மடியும்.”

“எப்ப விளங்கினது?”

“எழுதிப்போட்டு வெளியில வந்தவுடன.”

“அப்ப திரும்ப எழுதலாமே.”

“எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகினமே.”

மூதூரில் மற்ற எல்லாரும் இறங்கினோம். தாய் மட்டும், இறங்கப் போன மகளின் பெட்டியைப் பிடித்தபடி இருந்து லாஞ்சிக்காரனைக் கேட்டா:

“தம்பி, பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போற ரயிலுக்கு முன்னம் எங்களைத் திருகோணமலைக்குத் திருப்பிக் கொண்டுபோய் விடுவியளே? மாப்பிள்ளை வீட்டாரோட நான் கதைக்கிறன்.”