கரண்டித் தாளம்

வரதராஜா: உந்தத் தாளம் பிள்ளைக்கு ஆர் பழக்கினது, யோகராணி?

யோகராணி: ஆரும் பழக்கேல்லை. ரீவியில பாத்திருப்பாள். கிரிஜா, கரண்டியை வை. சீப்பால தலை இழுக்கிறனெல்லே, ஆடாமல் இரு.

கிரிஜா: அம்மாதான் பழக்கினவா. நீங்கள் ஃபாக்டரிக்குப் போனாப் பிறகு வெறும் மார்ஜரின் பேணியில கரண்டியால தட்டுவம்.

யோகராணி: இவளின்ர வாய்...

கிரிஜா: நாளைக்குக் கிளாஸில இதைச் செய்து காட்டவேணும் அப்பா. தாத்தா பாட்டி எங்க இருந்து வந்தவை எண்டு எல்லாரும் சொல்லவேணுமாம். சோஃபியா கிரீஸ் எண்டு சொல்லுவாள்.

வரதராஜா: நீ என்ன சொல்லப் போறாய்?

கிரிஜா: ஆப்பிரி...

யோகராணி: யாழ்ப்பாணம். அப்பாவின்ர ஊரைச் சொன்னால் போதும்.

கிரிஜா: பட் அம்மா, நேற்று நீங்கள்...

வரதராஜா: நேற்று என்னவாம்?

கிரிஜா: அம்மப்பாவின்ர ஆக்கள் முந்தி முந்தி ஆப்பிரிக்காவில இருந்து புத்தளத்துக்கு வந்தவையாம். அதாலதான் எனக்குச் சுருட்டை மயிர். இட்ஸ் எ சீக்ரெட், அப்பா.

யோகராணி: உங்கட வீட்டில தெரிஞ்சால் கலியாணத்தை நிப்பாட்டிப் போடுவினம் எண்டு அம்மா பயந்தவ. என்னைப் பெத்த ஐயா கப்பல்ல வேலை, வரேலாது எண்டு பொய் சொன்னம். மாமாதான் என்னைத் தாரை வாத்தவர்.

வரதராஜா: அப்ப இந்தத் தாளம்?

யோகராணி: பின்னேரத்தில ஐயா தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியுமா வாசல்ல இருப்பார். அவர் தட்ட, நான் கை தட்டுவன். தன்ர தேப்பனும் இப்பிடித்தான் தட்டினவர் எண்டுவார். அவரும் போன வருசம் காலமாயிட்டார். இவளும் தெரியாமல் வளந்தால் என்ர மனம் தாங்காது... என்னோட கோவமோ?

வரதராஜா: கிரிஜா, மற்றக் கரண்டியைத் தா. இப்ப நீ தட்டு.

கிரிஜா: டக்கு... டக டக.

வரதராஜா: டக டக... டக்கு டக்கு.

கிரிஜா: அப்பா, அது வேற.

யோகராணி: அது... அது மறுதாளம், ஒராள் தட்ட மற்றவர் பதிலுக்குத் தட்டுறது. நான் இன்னும் அவளுக்கே சொல்லிக் குடுக்கேல்லை. உங்களுக்கு எப்பிடி...

வரதராஜா: எங்கட கலியாண நாளண்டு மண்டபத்துக்குப் பின்னால, சமையல்காரரோட ஒரு ஆள் எட்டி எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டவர். உம்மட நெத்தி, உம்மட சிரிப்பு. நான்தான் சோறு கொண்டு போய்க் குடுத்தனான். பிறகு, நாங்கள் வெளிநாட்டுக்கு வரமுன்னம், உமக்குத் தெரியாமல் ரெண்டு மூண்டு தரம் புத்தளத்துக்கும் போய் அவரிட்ட இந்தத் தாளத்தைப் பழகினனான்... "மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ தம்பி, வெக்கப்படுவாள்" எண்டு கையைப் பிடிச்சவர். அதாலதான் நான் வாய் திறக்கேல்லை. நாளைக்கு நான் வேலைக்குப் போகேல்லை, யோகராணி. பிள்ளைக்குக் கிளாஸில மறுதாளம் தட்ட ஒரு ஆள் வேணுமெல்லே.